பிள்ளையின் முதுகுத்தண்டு வளைவு: ஆபரேஷன் இல்லாமல் என்ன செய்யலாம்? மலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்குப் பதினோரு வயதில் ஸ்கோலியோசிஸ் இருப்பது தெரிந்தது. இப்போது அவளுக்குப் பத்தொன்பது. இடைப்பட்ட வருடங்களில் குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கமிருந்தெல்லாம் பெற்றோர்கள் போன் செய்து கேட்டிருக்கிறார்கள். சிலர் பள்ளி விட்ட பிறகு கேட் அருகே காத்திருந்து கேட்பார்கள். நான் ஆசிரியை, மருத்துவர் இல்லை. ஆனால் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை விட்டிருக்கிறேன். படத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் முதுகுத்தண்டு மருத்துவர்தான், அதில் மாற்றமில்லை.

ஸ்கோலியோசிஸ்னா கூன் விழுறதுதானே டீச்சர்?

இல்லை. கூன் விழுந்தால் முதுகு முன்பக்கம் வளையும். ஸ்கோலியோசிஸில் தண்டு பக்கவாட்டில் வளைகிறது, கூடவே ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கினால்தான் ஒரு பக்க விலா மட்டும் பின்னால் புடைத்துத் தெரிகிறது. எக்ஸ்-ரேயில் கோடு போட்டு அளக்கும் கோணத்துக்குக் காப் கோணம் என்று பெயர். அது 10 டிகிரியைத் தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ் என்றே சொல்வார்கள்.

பத்திலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது உண்டு. அதில் சிகிச்சை வேண்டிவருவது சிலருக்குத்தான், அந்தச் சிலரில் பெண் பிள்ளைகளே மிக அதிகம். பெரும்பாலும் காரணம் இன்னதென்று பிடிபடாத வகை. டாக்டர் சீட்டில் 'இடியோபதிக்' என்று எழுதியிருப்பார்கள். நான் இங்கே சொல்வது முக்கியமாக அந்த வகையைப் பற்றி.

வீட்டுலயே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

எங்களுக்குக் கண்டுபிடித்துச் சொன்னது தையல்காரர். யூனிபார்ம் அளவெடுக்கும்போது, "பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும்மா, போன வருஷம் இப்படி இல்லை" என்றார். இரண்டு வருடமாகத் தினமும் தலைவாரிவிட்ட நான் பார்க்கவில்லை.

பிள்ளையைக் காலைச் சேர்த்து நிற்க வைத்து, உள்ளங்கைகளை ஒட்டி, முழங்காலை மடக்காமல் முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மேடாக இருந்தால் காட்ட வேண்டும். ஆடம்ஸ் சோதனை என்பது இதுதான். மேட்டின் சாய்வை அளக்க ஸ்கோலியோமீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. அதில் 7 டிகிரி காட்டினால் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்வார்கள். அரசுப் பள்ளிக்கு வருடத்துக்கொரு முறை வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடமும் சந்தேகத்தைச் சொல்லலாம். வரிசையில் நிற்கும்போது பிள்ளை சொல்லாது, நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மாதிரி இருந்தா தள்ளிப்போடாம ஓடணும்?

தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு முதுகு வலி, கால் மரத்துப்போதல் அல்லது பலம் குறைதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை, முதுகில் தோலில் கொத்தாக முடி, உடம்பில் பல இடங்களில் பால்காப்பி நிறத் திட்டுகள், பத்து வயதுக்குள்ளேயே தெரிந்த வளைவு. இதில் எது இருந்தாலும் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியிருக்கலாம், காரணமே வேறாக இருக்கலாம்.

புத்தகப் பையைத் தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆச்சா? இல்ல, இந்த மேட்டுல ஏறி இறங்குறதாலயா?

இரண்டும் இல்லை. பை கனமாக இருந்தால் தோளும் முதுகும் வலிக்கும், ஆனால் தண்டை இப்படி முறுக்காது. கோணலாக உட்கார்ந்து படித்ததும் காரணமில்லை. மேடு பள்ளம்தான் காரணமென்றால் இந்த மாவட்டத்தில் ஒருவருக்கும் முதுகு நேராக இருக்காது!

என் மாமியார் கொழுந்து பறித்தவர். தாயின் வயிற்றில் பிள்ளை இருந்தபோது மூட்டை சுமந்ததால் வந்தது என்று ரொம்ப நாள் நம்பினார். நான் எதையும் சுமக்கவில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. குடும்பத்தில் இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வர வாய்ப்பு சற்று அதிகம், அதனால் தம்பி தங்கையையும் குனியச் சொல்லிப் பாருங்கள். யார்மீதும் பழி போட இதில் ஒன்றுமில்லை.

டாக்டர் '18 டிகிரிதான், ஆறு மாசம் கழிச்சு வாங்க'ன்னு அனுப்பிட்டார். ஒண்ணுமே பண்ணாம எப்படி இருக்கிறது?

பார்த்துக்கொண்டிருப்பதும் சிகிச்சைதான். வழக்கமான கணக்கு ஏறக்குறைய இப்படி: 25 டிகிரிக்குக் கீழே கண்காணிப்பு, 25-லிருந்து 40 வரை, பிள்ளை இன்னும் வளர்ந்துகொண்டிருந்தால் பெல்ட் (உடம்பைச் சுற்றி அளவெடுத்துச் செய்யும் கெட்டியான பிரேஸை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்), 45, 50 என்று போனால் ஆபரேஷன் பற்றிப் பேச்சு. இந்தக் கணக்கில் டிகிரியைவிட முக்கியமானது பிள்ளைக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கியிருக்கிறது என்பது. அதை இடுப்பெலும்பின் ஓரத்தைப் படத்தில் பார்த்து ரிஸ்ஸர் 0 முதல் 5 வரை எண் போட்டுச் சொல்வார்கள். 0 என்றால் வளர்ச்சி நிறைய பாக்கி, 5 என்றால் முடிந்துவிட்டது. 18 டிகிரியும் ரிஸ்ஸர் 0-வும் உள்ள பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். 28 டிகிரியும் ரிஸ்ஸர் 5-ம் உள்ள பிள்ளையைப் பற்றி அவ்வளவு வேண்டாம்.

அந்த ஆறு மாதத்தில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை கதவு நிலையில் நிற்கவைத்து உயரத்தைக் குறித்து வையுங்கள். திடீரென்று வேகமாக வளர ஆரம்பித்தால் ஆறு மாதம் காத்திருக்காமல் முன்னாலேயே போய்க் காட்டுங்கள். வளைவு கூடுவது அந்த வேகத்தில்தான்.

பெல்ட் போட்டா நிமிர்ந்துடுமா?

பெரும்பாலும் நிமிராது, இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெல்ட்டின் வேலை வளைவைக் கூடவிடாமல் பிடித்து வைத்து, வளர்ச்சி முடியும்வரை கரை சேர்ப்பது. 27 டிகிரியில் ஆரம்பித்து 29-ல் முடிந்தால் அது வெற்றி. எலும்பு வளர்ந்து முடிந்தபோது 30-க்குள் இருக்கும் வளைவு பிற்காலத்தில் பெரும்பாலும் கூடுவதில்லை. மார்புப் பகுதியில் 50-ஐத் தாண்டியது மட்டும் வளர்ச்சி முடிந்து பெரியவர்களான பிறகும் வருடத்துக்கு ஒரு டிகிரி போல நகரும்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகளில் 242 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தவர்கள், பெல்ட் போட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 72. போடாமல் கண்காணித்த பிள்ளைகளில் 48. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். அந்த 48 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

எத்தனை மணி நேரம் போடணும்? ராத்திரி மட்டும் போட்டாப் போதாதா?

டாக்டர் பெரும்பாலும் 18 மணி நேரத்துக்குக் குறையாமல் சொல்வார். மேலே சொன்ன ஆய்வில் பெல்ட்டுக்குள் உடல் சூட்டை உணரும் சிறு கருவியை வைத்து, உண்மையில் எவ்வளவு நேரம் போட்டார்கள் என்று பார்த்தார்கள். சராசரியாக நாளுக்கு 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் தப்பித்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகப் போட்டவர்களின் பலன் போடாதவர்களோடு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

இரவுக்கென்றே தனி வடிவத்தில் செய்யும் பெல்ட்கள் உண்டு, சில வகை வளைவுக்கு அதையே எழுதித் தருவார்கள். ஆனால் பகலுக்கும் சேர்த்துச் செய்ததை இரவில் மட்டும் போட்டுக்கொள்வது அதற்குச் சமமில்லை. மாற்றுவதென்றால் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பெல்ட் சரியா செஞ்சிருக்காங்களான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் முதல் தடவை நான் கேட்கவில்லை. எங்கள் முதல் பெல்ட் ஒரு கடையில் அவசரமாக அளவெடுத்துச் செய்தது. இடுப்பில் குத்தியது, வளைவை எங்கேயும் அழுத்தவில்லை. பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

போட்டுப் பழகிய பிறகு பெல்ட்டோடு ஒரு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுங்கள். பெல்ட்டுக்குள் வளைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தால் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கொஞ்சமும் குறையவில்லை என்றால் உள்ளே இருக்கும் பஞ்சுத் திண்டுகளை இடம் மாற்றவோ பெல்ட்டையே மாற்றவோ வேண்டும். பிள்ளை வளர்ந்தால் பெல்ட்டும் மாறும், ஒன்றே கடைசிவரை வராது. பாஸ்டன், செனோ என்று வகைகளின் பெயர்கள் காதில் விழும். என் கருத்தில் பெயரைவிட அளவெடுக்கும் ஆள் முக்கியம். "இதுவரை ஸ்கோலியோசிஸ் பிள்ளைகளுக்கு எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்கு முதுகு நிமிர்த்துற பெல்ட் வருதே, அது?

அது வேறு, இது வேறு. தோளைப் பின்னால் இழுக்கும் பட்டை வளைவை எந்த இடத்திலும் தாங்காது. வாங்கியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஷ்ராத் பயிற்சின்னு யூடியூப்ல பார்த்தோம். அது பண்ணினா பெல்ட் வேண்டாமாமே?

காத்தரீனா ஷ்ராத் என்ற ஜெர்மானியப் பெண், தனக்கே முதுகு வளைவு இருந்ததால், கண்ணாடி முன் நின்று மூச்சை உள்ளொடுங்கிய பக்கத்துக்கு அனுப்பிப் பழகி உருவாக்கிய முறை இது. நூறு வருடப் பழமை உள்ளது. ஒவ்வொரு வளைவுக்கும் பயிற்சி வேறு. வலப்பக்க மார்பு வளைவுக்குச் சொன்னதை இடப்பக்கக் கீழ்முதுகு வளைவுக்குச் செய்தால் எதிர்மாறாகப் போகலாம். அதனால்தான் வீடியோவைப் பார்த்துச் செய்ய வேண்டாம் என்கிறேன்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது, அளவோடு. கனடாவில் 50 பிள்ளைகளை வைத்து ஆறு மாதம் நடந்த ஆய்வில், வழக்கமான கவனிப்போடு ஷ்ராத்தும் செய்தவர்களுக்குச் சில டிகிரி வித்தியாசம் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் பெல்ட்டும் போட்டிருந்தார்கள். சின்ன வளைவுக்குத் தனியாகவும், பெரிய வளைவுக்குப் பெல்ட்டோடு சேர்த்தும் செய்யலாம். பெல்ட் போட வேண்டிய பிள்ளைக்குப் பெல்ட்டுக்குப் பதிலாகப் பயிற்சி மட்டும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மலையில் முறையாகக் கற்றுக்கொண்டவர் கிடைப்பது கஷ்டம். நாங்கள் கோயம்புத்தூரில் விடுமுறையில் சேர்ந்தாற்போல் பத்து நாள் கற்றுக்கொண்டு, வீட்டில் வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம் செய்தோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்த் தப்பாகச் செய்வதைத் திருத்திக்கொண்டு வந்தோம். பீரோ கண்ணாடி ஒன்றும் இரண்டு அரிசிப் பைகளும்தான் எங்கள் கருவிகள்.

யோகா, நீச்சல்?

உடம்புக்கு நல்லது, தாராளமாகச் செய்யட்டும். பந்து விளையாடலாம், ஓடலாம், நடனம் ஆடலாம், அந்த நேரம் பெல்ட்டைக் கழற்றிக்கொள்ளலாம். நீச்சல் வளைவைக் குறைக்கும் என்பது பழைய நம்பிக்கை, அதற்கு ஆதாரமில்லை. யோகாவில் பக்கவாட்டில் ஒரு கையில் தாங்கி நிற்கும் வசிஷ்டாசனத்தைப் பற்றி 2014-ல் ஒரு கட்டுரை வந்து ஊரெல்லாம் பரவியது. அது 25 பேரை மட்டும் வைத்து, ஒப்பிட எதிர்க்குழு இல்லாமல் செய்தது, பெரியவர்களும் அதில் கலந்திருந்தார்கள். ஆசனம் செய்வதில் தவறில்லை. அதை நம்பி எக்ஸ்-ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.

வர்மம், தொக்கணம், கோட்டக்கல் எண்ணெய்ச் சிகிச்சை எல்லாம் பண்ணலாமா அக்கா?

கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து கேட்பவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. கீழே இறங்கினால் கேரளாதான், வைத்தியசாலைகளுக்குக் குறைவில்லை. எண்ணெய் தேய்த்து ஒற்றடம் கொடுத்தால் இறுகிய சதை இளகும், வலி குறையும், பிள்ளை நன்றாகத் தூங்கும். அதெல்லாம் உண்மை, என் மகளுக்கும் செய்திருக்கிறேன். ஆனால் வளைவு கூடுவது சதைப் பிடிப்பினால் அல்ல. வளைந்த எலும்பில் ஒரு பக்கம் அதிக அழுத்தம் விழுகிறது, அந்தப் பக்கம் குறைவாக வளர்கிறது, அதனால் இன்னும் வளைகிறது. தேய்ப்பதால் அந்த வளர்ச்சியை மாற்ற முடியாது.

செய்வதென்றால் பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் செய்யுங்கள். எக்ஸ்-ரேயைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் எழுதாத பொடி, பஸ்பம் எதையும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். முழங்காலை வைத்து அழுத்தி, கட்டுப் போட்டு எலும்பை நேராக்குகிறேன் என்பவரிடம் மட்டும் போகவே வேண்டாம். இன்னொன்று: பெல்ட் போடும் இடத்தில் எண்ணெய் தடவக் கூடாது. நம்மூர் நீலகிரித் தைலமும்தான். தோல் மிருதுவாகிக் கொப்புளம் வந்துவிடும்.

எங்க ஹட்டியில (படகர் ஊர்) ஒரு பொண்ணுக்கு வெறும் எண்ணெய் போட்டே சரியாச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?

இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அந்த 48-ஐ இப்போது எடுங்கள். பெல்ட் போடும் அளவுக்கு வளைவு இருந்தும் போடாமல் விட்ட பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்கு 50 டிகிரி வரவில்லை. அந்தப் பாதிப் பேர் அந்தச் சமயத்தில் எண்ணெய் தேய்த்திருந்தால் எண்ணெய் ஜெயித்தது. கோயிலுக்கு நேர்ந்திருந்தால் சாமி ஜெயித்தது. சரியாகாத மறுபாதிப் பேர் ஹட்டியில் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை, மதிய வெயிலிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு போகிறார்கள்.

இரண்டாவது, ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி வரை வித்தியாசம் வரும். "23 இருந்தது, 19 ஆகிவிட்டது" என்றால் அது குறைந்ததாகவே சொல்ல முடியாது. மூன்றாவது, சில பிள்ளைகளுக்கு ஒரு கால் சற்றுக் குட்டையாக இருப்பதாலோ வலியால் சாய்ந்து நிற்பதாலோ முதுகு வளைந்தது போலத் தெரியும். காரணத்தைச் சரி செய்தால் நேராகிவிடும், அது இந்த நோயே இல்லை. "சரியாச்சு" என்று யாராவது சொன்னால் முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படத்தைக் காட்டச் சொல்லுங்கள். எட்டு வருடத்தில் ஒருவர்கூட எனக்குக் காட்டியதில்லை.

கீழே ஒரு சென்டர்ல 40 சிட்டிங்ல நேராக்கித் தர்றோம்னு சொல்றாங்க. கையால நெட்டி எடுக்கிறது, கரண்ட் வைக்கிறது, தொங்க விடுறது...

நாங்கள் போனோம், அதனால் சொல்கிறேன். 27 டிகிரியில் போனோம். வாரம் இரண்டு நாள் மேட்டுப்பாளையம் வழியாகப் பஸ்ஸில் இறங்கி ஏறினோம், கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுக்கும். ஒவ்வொரு தடவையும் "இப்போ பாருங்க, தோள் சமமாயிடுச்சு" என்று போட்டோ காட்டுவார்கள். ஐந்து மாதம் கழித்து எக்ஸ்-ரே எடுத்தபோது 35. அந்த ஐந்து மாதத்தில் அவள் கதவு நிலையில் நாலு சென்டிமீட்டர் ஏறியிருந்தாள். பணம் போனது எனக்கு வருத்தமில்லை.

மின்தூண்டலைப் பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். 1995-ல் வெளியான ஆய்வில் 286 பெண் பிள்ளைகளை மூன்று விதமாகப் பார்த்தார்கள்: பெல்ட், இரவில் மின்தூண்டல், ஒன்றும் செய்யாமல் கண்காணிப்பு. மின்தூண்டலின் பலன் ஒன்றும் செய்யாததற்குச் சமமாகவே இருந்தது. நெட்டி எடுப்பது, தொங்கவிடுவது இவையும் வளைவைத் தடுத்ததாக நம்பும்படியான சான்று இல்லை. கம்பியில் தொங்கும்போது வளைவு குறைவாகத் தெரியும், இறங்கியதும் பழையபடி ஆகிவிடும்.

கால்சியம் மாத்திரை, ஆட்டுக்கால் சூப்?

கொடுங்கள், ருசியாக இருக்கும். சத்துக் குறைவு இருந்தால் டாக்டர் பரிசோதித்து மாத்திரை தரட்டும். வளைவுக்கு மருந்து இல்லை.

ரெண்டு வயசுக் குழந்தைக்கு வளைவுன்னா என்ன செய்யறது? அதுக்கும் பெல்ட்டா?

அந்த வயதில் கதையே வேறு. சில குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகும். கூடுகிற வகையாக இருந்தால், மயக்கம் கொடுத்து உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு போட்டு, சில மாதத்துக்கொரு முறை மாற்றிக்கொண்டே வருவார்கள். மேத்தா முறைக் கட்டு என்று கேட்டுப் பாருங்கள். சீக்கிரம் ஆரம்பித்த குழந்தைகளில் பலருக்கு வளைவு முழுவதுமாகவே மறைந்திருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குக் கிடைக்காத வாய்ப்பு இது. குழந்தைகளின் முதுகுத்தண்டைத் தனியாகப் பார்க்கும் பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது.

எக்ஸ்-ரே அடிக்கடி எடுத்தா கேன்சர் வரும்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது, அதற்காக எடுக்காமல் விடுவது நியாயமில்லை. வளரும் காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒன்று போல எடுப்பார்கள். நிற்க வைத்து, கதிர் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், மார்பகத்தில் விழும் அளவு குறையும். முன்னால் எடுத்த படத்தை ஒவ்வொரு தடவையும் கையோடு கொண்டுபோங்கள். பழைய படம் வீட்டில் மறந்துபோனதற்காகப் புதிதாக ஒன்று எடுத்த பெற்றோரை எனக்குத் தெரியும்.

இந்தக் குளிர்லயும் மழையிலயும் பெல்ட்டை எப்படிப் போட்டுக்கிறது?

குளிர் நமக்குச் சாதகம். கீழே வெயிலில் பெல்ட் போடும் பிள்ளைகள் வியர்வையிலும் அரிப்பிலும் படும் பாட்டை நம் பிள்ளைகள் படுவதில்லை. ஊட்டிக் குளிரில் ஸ்வெட்டருக்கு உள்ளே பெல்ட் இருப்பதே வெளியில் தெரியாது. காலையில் ஜில்லென்று இருக்கும் பெல்ட்டைப் போடத்தான் பிள்ளை அழும். இரவே போட்டுக்கொண்டு தூங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

மழைதான் பிரச்சினை. உள்ளே தையல் உறுத்தாத பருத்திப் பனியன், சுருக்கமில்லாமல் போட வேண்டும், தினமும் மாற்ற வேண்டும். ஜூலையில் தேவாலாவிலோ நவம்பரில் கோத்தகிரியிலோ பனியன் மூன்று நாளானாலும் காயாது. எட்டுப் பனியனாவது வைத்துக்கொள்ளுங்கள், அடுப்படியில் ஒரு கொடி கட்டுங்கள். ஈரப் பனியனோடு பெல்ட் போட்டால் தோல் புண்ணாகிவிடும். கழற்றியதும் தெரியும் சிவப்பு அரை மணி நேரத்தில் மறைந்தால் பரவாயில்லை. மறையாவிட்டால், அல்லது தோல் உரிந்தால், பெல்ட் செய்தவரிடம் காட்டுங்கள். ஆரம்பிப்பதற்கு ஏப்ரல், மே விடுமுறை நல்ல சமயம், இரண்டு வாரத்தில் மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டலாம். ஆனால் டாக்டர் ஆகஸ்டில் சொன்னால் ஏப்ரலுக்காகக் காத்திருக்காதீர்கள்.

ஹெத்தை பண்டிகைக்குக் கழற்றலாமா?

கழற்றலாம். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. பண்டிகை முடிந்து உறவினர் கல்யாணம், அப்புறம் பரீட்சை என்று நீண்டால்தான் ஆகும்.

பொண்ணு வயசுக்கு வந்துட்டா. இனிமே போட்டுப் பிரயோஜனம் உண்டா?

பெரும்பாலும் உண்டு. வேகமான வளர்ச்சி அதற்கு முன்னாலேயே நடந்திருக்கும், ஆனாலும் அதன்பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம் மெதுவாக வளர்வார்கள். முடிவை மேலே சொன்ன ரிஸ்ஸர் எண்ணைப் பார்த்து எடுப்பார்கள். பையன்கள் இன்னும் தாமதமாக வளர்ந்து முடிப்பதால் அவர்களுக்குப் பெல்ட் காலம் நீளும்.

நாளைக்குக் கல்யாணம், குழந்தை...?

அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி. அமெரிக்காவின் ஐயோவாவில், சிகிச்சையே எடுக்காத ஸ்கோலியோசிஸ்காரர்களை ஏறக்குறைய 50 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2003-ல் வந்தது. முதுகு வலி மற்றவர்களைவிட அதிகம், தோற்றத்தைப் பற்றிய குறையும் இருந்தது. மற்றபடி வேலை, குடும்பம் எல்லாம் மற்றவர்களைப் போலத்தான். இந்த வளைவு கர்ப்பத்துக்குத் தடையில்லை. பிரசவத்தில் முதுகில் ஊசி போட வேண்டி வந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதற்கு என்னிடம் மருத்துவ பதில் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை காதில் விழும்படி இதைப் பேசாதீர்கள்.

செலவு எப்படிச் சமாளிக்கிறது?

முதலில் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கோவை அரசு மருத்துவமனையிலோ எலும்புப் பிரிவில் பதிவு செய்யுங்கள். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் இந்த மாதிரி உபகரணங்கள் செய்து தரும் பிரிவு இருக்கிறது. தூரம்தான், ஆனாலும் தனியாரில் கேட்கும் தொகையைக் கேட்டபின் தூரம் குறைந்துவிடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. பிற்பாடு ஆபரேஷன் என்று வந்தால் இது பெரிய துணை, அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். பெல்ட்டுக்கு என்ன உதவி கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேளுங்கள்.

ஒழுங்காப் பெல்ட் போட்டும் 52 ஆயிடுச்சு. எங்க மேல தப்பா?

இல்லை. நன்றாகப் போட்டவர்களிலும் சிலருக்குக் கூடத்தான் செய்கிறது, மேலே சொன்ன தொண்ணூறுக்கு மறுபக்கம் அவர்கள்தான். இனி ஆபரேஷன் பற்றிக் கேட்பது தோல்வி இல்லை. கோயம்புத்தூரிலேயே முதுகுத்தண்டுக்குப் பெயர்பெற்ற மருத்துவமனைகள் இருக்கின்றன, இரண்டு டாக்டர்களிடம் கருத்துக் கேளுங்கள். இந்த இடத்தில் மறுபடி எண்ணெய்க்கும் 40 சிட்டிங்குக்கும் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனது கேட்பதில்லை.

எல்லாம் சரி டீச்சர், பொண்ணு ஸ்கூல் பாத்ரூம்ல பெல்ட்டைக் கழற்றிப் பையில வச்சுக்கிறா. அடிச்சும் பார்த்துட்டோம்.

என் மகளும் செய்தாள். அவள் அப்பா கத்தினார், நான் அழுதேன், இரண்டும் பலிக்கவில்லை. கடைசியில் டாக்டர்தான் அவளிடம் நேராகக் கேட்டார்: "எந்த நேரம் உனக்கு முடியவே முடியாது?" பள்ளி நேரம் என்றாள். சரி, நாலு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் போட்டால் மறுநாள் காலை எட்டு வரை 16 மணி நேரம், விடுமுறையில் இன்னும் கூட. அவர் கேட்ட 18 இல்லை, ஆனால் 13-ஐத் தாண்டிவிட்டது. காகிதத்தில் அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இரண்டரை வருடம் அப்படிப் போட்டு 33-ல் முடித்தாள்.

உங்கள் பெண்ணுக்கும் அதே கணக்கு பொருந்தும் என்று சொல்லவில்லை, டாக்டர் முன்னால் அவளையே பேசவிடுங்கள் என்கிறேன். என் மகளிடம் பேச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை பேசலாம், இதுவரை நாலைந்து பிள்ளைகள் பேசியிருக்கிறார்கள். அம்மா அப்பா பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது அவள் போட்ட நிபந்தனை. என்னையும் வெளியே போகச் சொல்லிவிடுகிறாள்.